பலவீனம் எப்போது வந்தது?

1977-78இல் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கைகால் விழுந்தது. அத்தனை பேரும் தமிழ்ப் பெண் பிள்ளைகள், வயதுக்கு வரும் பருவத்தினர். காய்ச்சல் பரப்பும் கிருமியாக இருந்தால் அதே லயத்தில் இருந்த தம்பிமாரை மட்டும் எப்படி விட்டுவைக்கும்?

பதில் சமையலறையில் இருந்தது. பெரியமனுஷியான பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்துக்களியும் கொடுத்து உடம்பைத் தேற்றுவது நம் வழக்கம். அப்படிக் கொடுத்த ஒருவகை நல்லெண்ணெயில் ட்ரைகிரசைல் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. ஜே. ஜெயரட்ணமும் பேராதனை மருத்துவ பீடத்தின் நிமல் சேனாநாயக்கவும் இதை 1981இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் நஞ்சு சேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். குற்றம் அந்த வழக்கத்தில் இல்லை. பெற்றவர்கள் அக்கறையோடு வாங்கிக் கொடுத்த பண்டத்தைப் பாதுகாக்கத் தவறியவர்களிடம்தான் இருக்கிறது. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச்சாறு மதுவிலும் 1959இல் மொரோக்கோவில் சமையல் எண்ணெயிலும் கலந்து ஆயிரக்கணக்கானோரை முடக்கியதும் இதே இரசாயனக் குடும்பம்தான்.

இந்த நஞ்சு உடனே வேலையைக் காட்டாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே கால் சோரும். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். அதன் நுனிதான் முதலில் கருகும். ஆகவே பாதம் முதலில் தொங்கும், கை பிறகு. சேனாநாயக்க நோயாளிகளில் சிலரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வெளிநரம்பு ஓரளவு தேறும். முதுகுத்தண்டுக்குள் ஓடும் நீண்ட பாதைகள் பழுதானால் காலில் விறைப்பு தங்கிவிடும்.

பூச்சிமருந்துகள் பலவும் ட்ரைகிரசைல் பொஸ்பேட்டைப் போலவே ஓர்கனோபொஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை. மருந்து உடலுக்குள் போனவர்கள் அந்நாளில் மலையகத்திலும் வயல் ஊர்களிலும் இருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். வியர்வை, எச்சில், சுருங்கிய கண்மணி எல்லாம் முறிமருந்தான அத்ரோப்பீனால் அடங்கும். ஆள் தப்பிவிட்டார் என்று வீட்டார் பெருமூச்சு விடும் நேரத்தில் சிலருக்கு மூச்சு நிற்கும். சேனாநாயக்கவும் மயக்கமருந்து நிபுணர் லக்ஷ்மன் கரலியத்தவும் பத்து நோயாளிகளைக் கூர்ந்து பார்த்து, 24 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் இந்த முடக்கத்துக்கு 'இடைநிலை நோய்த்தொகுதி' என்று பெயரிட்டார்கள். 1987இல் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' அதை வெளியிட்டது. இன்று நஞ்சியல் பாடநூல்களில் அந்தப் பெயர் இருக்கிறது.

அதைப் பிடிக்கும் சோதனைக்கு இயந்திரமே வேண்டாம். மல்லாந்து படுத்திருப்பவரிடம், "தலையைத் தூக்குங்க" என்று சொன்னால் போதும். நேற்றுத் தூக்கியவர் இன்று தலையணையை விட்டுத் தலையை எடுக்க முடியாமல் திணறினால், அடுத்தது மூச்சுத்தசை. கழுத்தை முன்னே வளைக்கும் தசை, தோள், தொடை, முகம், விழி என்று பலவீனம் பரவும். நரம்பு தசையைத் தொடும் சந்தியில், செய்தி கடத்தும் இரசாயனமான அசற்றைல்கோலின் நாட்கணக்கில் தேங்கி அந்தச் சந்தியே ஓய்ந்துபோவதால் அத்ரோப்பீன் இங்கே உதவாது. செயற்கைச் சுவாசம்தான் உதவும். சந்தி தேறும்வரை மூச்சைக் காத்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். வாட்டில் பயிலும் மாணவர் ஒருவர் காலையும் மாலையும் இதைச் சலிக்காமல் கேட்டாலே ஓர் உயிர் மிஞ்சும்.

ஆகவே நரம்பியலில், "எங்கே பலவீனம்?" என்பதோடு, "எப்போது வந்தது?" என்றும் கேட்க வேண்டும். சில மணியில் வந்தால் ஒரு சிகிச்சை, இரண்டு மூன்று நாளில் வந்தால் இன்னொன்று. வாரங்கள் கழித்து வந்தால் என்ன சாப்பிட்டார்கள் என்று வீடுவரை போய் விசாரிக்க வேண்டும்.

வாட்டுக்கு வெளியே நடந்தது அதைவிடப் பெரிது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை இலங்கை 1995இல் தடைசெய்தது. டைமெதோயேட், பென்தியோன் ஆகியவை 2008க்குப் பின் படிப்படியாக விலக்கப்பட்டன. பூச்சிமருந்து குடித்தே பலர் இறந்த அந்நாட்டில், 1995இல் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24 ஆனது.