தடுப்பூசி அட்டையும் ஒரு கணக்குப் புத்தகமே

சங்க அங்கத்தினர் தம் பாஸ் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவர். குழந்தையின் தடுப்பூசி அட்டை எங்கே என்று வினவினாலோ, பல இல்லங்களில் விடை கிடைப்பதில்லை. பனியன் கம்பெனி வேலைக்கும் தறி வேலைக்கும் குடிபெயரும் குடும்பங்கள் திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பகுதிகளில் மிகுதி. தட்டுமுட்டுச் சாமான்கள் வண்டியேறும்; அட்டை தவறிவிடும்; குழந்தைக்குரிய ஊசியும் நின்றுபோகும்.

காலந்தவறாது ஊசி போட்டதன் பலன் சிறிதன்று. அம்மை குத்தியதால் பெரியம்மை 1975-இல் நம் நாட்டில் ஓய்ந்தது. இயற்கையாய்ப் பரவும் இளம்பிள்ளை வாதம் 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் எவரையும் தாக்கவில்லை.

அரசின் அட்டவணை வருமாறு: பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்திற்குள் மஞ்சட்காமாலை 'பி' ஊசி. பின் 6, 10, 14-ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியும், போலியோ, ரோட்டா சொட்டு மருந்துகளும். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி உள்ளிட்ட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமே முதலில் வழங்கப்பெற்றது. நிமோனியாத் தடுப்பூசி 6, 14-ஆம் வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும். தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9-ஆம் மாதத்திலும், 16 முதல் 24 மாதத்திற்குள் மறுமுறையும்.

ஒன்றரை வயதை ஒட்டியும் 5 வயதிலும் முத்தடுப்பு ஊசியை மீண்டும் போடவேண்டும். 10, 16 வயதுகளிலும், கருவுற்ற காலத்திலும் டி.டி. ஊசி. மண்ணிலும் சாணத்திலும் ரணஜன்னிக் கிருமி வாழ்வதால், மண்வெட்டி பிடிக்கும் விவசாயி பத்தாண்டுக்கு ஒருமுறை இதைப் போட்டுக்கொள்வது நலம். அறுபதைக் கடந்தோரும், நீரிழிவு, நெஞ்சுநோய் உள்ளோரும் ஆண்டுதோறும் போடும் இன்ஃபுளுவென்சா ஊசி பற்றியும் நிமோனியா ஊசி பற்றியும் மருத்துவரைக் கலந்து கொள்ளவேண்டும்.

தவணை தவறியதென்று வெட்கி, ஆஸ்பத்திரிப் பக்கமே செல்லாதிருப்போர் உளர். அது வேண்டா. தவணை தவறிய கடனுக்கு முன்பு கட்டிய தொகை அழிந்துபோவதுண்டோ? அவ்வாறே முன்பு போட்ட ஊசியும் கணக்கில் நிற்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆயினும் சில ஊசிகளுக்கு வயது வரம்பு உண்டு, பி.சி.ஜி. ஓராண்டுக்குள் போடப்படுவது. ஆகவே தாமதம் கூடாது.

எவ்வூரினராயினும், பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராயினும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவ்வட்டவணை ஊசிகள் இலவசமே. கூலி இழப்புக்கு அஞ்சித் தாய்மார் தயங்குவது உண்மை. அன்று அரைநாள் விடுப்பளிக்க முதலாளிகள் முன்வரவேண்டும். சங்கங்களும் கூலிப் பட்டுவாடா நாளில், "குழந்தையின் அட்டை பத்திரமாக உள்ளதா?" என்று அங்கத்தினரை ஒரு வார்த்தை கேட்பது நன்று.