கொத்துச்சாவி கை மாறும்போது

கூட்டுக் குடும்பத்தில் கொத்துச்சாவி மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்கு மாறுகிற நாள் லேசான நாளல்ல. மறுநாள் வைக்கிற சொதி பழைய ருசியில் இருக்கிறதா என்று திருநெல்வேலி வீடு முழுவதும் இலை முன்னால் காத்திருக்கும். டாக்டர்கள் படிக்கிற பத்திரிகையில் ஆசிரியர் மாறுவதும் அப்படித்தான். ஆனால் இங்கே பக்குவம் தவறினால் முகம் சுளிப்பதோடு போகாது. நோயாளியின் உடம்புக்கே கேடு வந்துவிடலாம்.

1904-ம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ, இங்கிலீஷ் வைத்தியம் படித்த ஒருவர் தொழில் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் மருத்துவக் கல்லூரி கிடையாது. திருநெல்வேலிக்கு அது வந்தது 1965-ல்தான். புது மருந்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் தபாலில் வருகிற பத்திரிகைதான் துணை. அதில் அச்சானதை நம்பி அவர் மருந்து கலக்குவார். அவரை நம்பி, வயலில் நாற்று நடுகிறவள் அதைக் குடிப்பாள்.

அந்த 1904-ல்தான் சென்னையில் 'ஆண்டிசெப்டிக்' என்ற ஆங்கில வைத்திய மாத இதழ் தோன்றியது. ஆரம்ப காலத்தில் அதன் ஆசிரியராக இருந்தவர் டாக்டர் டி. எம். நாயர். எடின்பரோவில் படித்தவர், காது, மூக்கு, தொண்டை நிபுணர். 1916-ல் தியாகராய செட்டியாருடன் சேர்ந்து ஜஸ்டிஸ் கட்சியைத் தொடங்கியவரும் இவரே. 1919-ல் லண்டனில் காலமானார்.

அந்த இதழின் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்த இன்னொருவர் டாக்டர் யூ. ராமராவ். அவரோ காங்கிரஸ்காரர்! மேடையில் இரு கட்சிக்கும் எட்டாப் பொருத்தம். ஆனால் மலேரியா ஜுரம் கட்சி பார்த்தா வருகிறது? கொயினாவின் கசப்பு இரு கட்சியாருக்கும் ஒன்றுதானே! கட்சி மாறிய கையிலும் பத்திரிகை வைத்தியப் பத்திரிகையாகவே இருந்தது. தம்பு செட்டித் தெரு விலாசத்திலிருந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

ராமராவ் சென்னை மேல்சபைத் தலைவராக 1945 வரை இருந்தார். அவருக்குப் பின் பத்திரிகையை நடத்திய மகன் டாக்டர் யூ. கிருஷ்ணராவ், 1957 முதல் 1961-ல் காலமாகும் வரை சட்டசபையின் சபாநாயகர். (1962-ல் அந்தச் சபாநாயகர் ஆசனம் நம் திருநெல்வேலிச் சீமையின் எஸ். செல்லப்பாண்டியனுக்குக் கிடைத்தது.) தகப்பனும் பிள்ளையும் சபைத் தலைமைக்குப் போனது பொருத்தந்தான். தன் கட்சியைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வருவதல்லவா இரண்டு நாற்காலிக்கும் தர்மம்?

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக நடப்பதில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகைக்குப் பதினேழு வருஷம் ஆசிரியராக இருந்தவர் டாக்டர் ஜார்ஜ் லண்ட்பர்க். 1999 ஜனவரியில் சங்கம் அவரைத் திடீரென்று வேலையிலிருந்து நீக்கியது. ஜனாதிபதி கிளிண்டன் மீது விசாரணை நடந்த சமயத்தில், அந்த விவகாரத்தோடு ஒட்டிய ஓர் ஆய்வுக் கட்டுரையை அவசரமாக அச்சிட்டு அரசியலில் புகுந்தார் என்பது குற்றச்சாட்டு. பத்திரிகை சங்கத்துக்குச் சொந்தம், சரி. அதில் வருகிற உண்மை யாருக்குச் சொந்தம் என்று உலகெங்கும் டாக்டர்கள் கேட்டார்கள். கடைசியில் ஆசிரியருக்கும் சங்கத்துக்கும் நடுவே ஏழு பேர் கொண்ட கண்காணிப்புக் குழுவை அமைத்தார்கள். 1883-ல் பிறந்த அந்தப் பத்திரிகைக்கு, 2000-ல் முதல் பெண் ஆசிரியராக டாக்டர் காதரீன் டிஆஞ்சலிஸ் வந்தார்.

'ஆண்டிசெப்டிக்' நூறு வயதையும் தாண்டியது. ஆசிரியர்கள் வருவார்கள், போவார்கள். புதிதாக வருகிறவர் எந்தக் கட்சி, யாருடைய மனிதர் என்பது நமக்கு வேண்டாம். முதலாளியோ, மருந்துக் கம்பெனியோ, அரசாங்கமோ முகம் சுளித்தாலும் மெய்யானதை அச்சிடுவாரா, பொய்யானதைத் திருப்பி அனுப்புவாரா என்பதுதான் கேள்வி. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வரிசையில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற தாய்க்கு அந்த ஆசிரியரின் பெயர் தெரியாது. ஆனால் அவள் குழந்தைக்குக் கொடுக்கப் போகிற மருந்தில் அவருடைய நேர்மையும் கலந்திருக்கிறது.