எல்விஸுக்கு முன் உறுமிய குரல்

எங்கள் குடும்பத்தில் எல்விஸ் பிரெஸ்லி என்றால் அது பெரியப்பாதான். தீபாவளி விருந்தோ பிறந்தநாளோ, சாப்பாடு முடிந்ததும் 'ஹவுண்ட் டாக்' பாடி இடுப்பை ஆட்டாமல் அவர் வீடு திரும்பியதில்லை. அதனால் பலதுறைத் தொழிற்கல்லூரியில் எங்கள் இசைக்குழுவினர் பழைய ராக் பாடல் ஒன்றைத் தேடியபோது நான் யோசிக்கவே இல்லை. நிகழ்ச்சிப் பட்டியலில் 'எல்விஸ் பாடல்' என்று எழுதியும் கொடுத்துவிட்டேன்.

தாளம் பழகுவதற்காக இணையத்தில் அந்தப் பாடலைத் தேடினேன். எல்விஸுக்குக் கீழே இன்னொரு பதிவு இருந்தது. அழுத்தினேன். ஒரு பெண்ணின் குரல். முதல் வரியே உறுமலாக வந்தது. பயந்துபோய் ஒலியைக் குறைத்தேன். பாதிப் பாடலில் என் கை தானாகவே அதைக் கூட்டியது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வில்லி மே தார்ன்டன். ஆறடியை நெருங்கும் உயரம், கனத்த உடல். மேடையில் அவருக்கு வைத்த பெயர் 'பிக் மாமா'.

1926ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஏரிட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை போதகர், தாய் தேவாலயத்தில் பாடுபவர். பதின்ம வயதிலேயே தாயை இழந்தார். பள்ளியை விட்டுவிட்டு மதுக்கடையில் எச்சில் கலங்களைக் கழுவும் வேலைக்குப் போனார். பிறகு ஊர் ஊராகச் செல்லும் ஒரு கலைக்குழுவில் சேர்ந்தார். டிரம்சும் மவுத் ஆர்கனும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மற்றவர்கள் வாசிப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். மூன்றாண்டுகள் கட்டணம் கட்டி டிரம்ஸ் படித்தவள் நான். "பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த அடி?" என்று உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். ஆண்கள் அணியும் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு மேடையேறிய தார்ன்டனிடம் 1950களில் என்னவெல்லாம் கேட்டிருப்பார்களோ!

1952 ஆகஸ்ட் 13, லாஸ் ஏஞ்சலிஸ். ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இரு வெள்ளையர்கள் எழுதிய 'ஹவுண்ட் டாக்' அன்றுதான் பதிவானது. இருவருக்கும் அப்போது வயது 19. இசைக்குழுத் தலைவர் ஜானி ஓட்டிஸ் தானே டிரம்சில் அமர்ந்தார். கித்தார் பீட் லூயிஸ். மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாடல்தான். ஆனால் அதற்குள் தார்ன்டன் உறுமுகிறார், இழுக்கிறார், கித்தார் தனித்து ஒலிக்கும்போது சும்மா இருக்காமல் கத்திக் கத்தி அதை உசுப்பேற்றுகிறார். முடிவில் குழுவினர் நாய்களைப் போலக் குரைத்து ஊளையிடுகிறார்கள். யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் அதுவரை கவனிக்காத ஒன்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பாட்டு நாயைப் பற்றியதே அல்ல. வேலைவெட்டி இல்லாமல் ஒரு பெண்ணின் வாசலையே மோப்பம் பிடித்துக்கொண்டு, அவள் உழைப்பில் வயிறு வளர்க்க நினைக்கும் ஆணைப் பற்றியது. இனி இங்கே சோறு கிடைக்காது என்று அவள் கதவைச் சாத்துகிறாள். பெரியப்பா பாடும் வடிவத்திலோ அது முயல் பிடிக்கத் தெரியாத நாய். லாஸ் வேகாஸ் மேடைகளில் ஃபிரெட்டி பெல் என்பவரின் குழு சொற்களை மாற்றிச் சிரிப்புப் பாட்டாக்கியது. அதைக் கேட்டுத்தான் எல்விஸ் 1956ல் பதிவு செய்தார். ஆட்டம் மிஞ்சியது. பெண்ணின் கோபம் காணாமல் போனது.

தார்ன்டனின் பாடல் 1953ல் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அது கறுப்பினத்தவர் இசைக்கென்று தனியாக வைத்திருந்த பட்டியலில். எல்விஸின் பதிவு பொதுப் பட்டியலில் 11 வாரங்கள் முதலிடம் பிடித்தது. தமக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னார்.

எல்விஸைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடலாசிரியர்களின் பெயர் அவரது இசைத்தட்டிலும் இருந்தது. தார்ன்டனின் பெயர் பாடலாசிரியர் இடத்தில் இல்லை. அதே உறுமலை நீக்கிவிட்டால் அந்தத் தாளில் என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். குரலுக்கு அன்றைய சட்டத்தில் உரிமை ஏது?

சரி, அவரே எழுதிய பாடலாவது அவரைக் காப்பாற்றியதா? 'பால் அண்ட் செயின்' முழுக்க அவருடையது. சான் பிரான்சிஸ்கோவில் அவர் பாடக் கேட்டு, அனுமதி பெற்றுத்தான் ஜானிஸ் ஜோப்ளின் அதைத் தம் மேடைக்குக் கொண்டுபோனார். 1967ல் மான்டரே இசைவிழாவில் அதைப் பாடிய ஜோப்ளின் ஒரே நாளில் நட்சத்திரமானார். பாடலின் உரிமையோ, அதற்குமுன் தார்ன்டனைப் பாடவைத்துப் பதிவு செய்துவிட்டு வெளியிடாமலேயே வைத்திருந்த ஒரு சிறு நிறுவனத்திடம் சிக்கியிருந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மது அவர் உடலைத் தின்றது. கனத்த உடலோடு இருந்தவர் இறுதியில் 43 கிலோவாக இளைத்தார். 1984 ஜூலை 25ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் தங்கும் விடுதி ஒன்றில் இறந்தபோது வயது 57. வேறு இருவருடன் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் எல்விஸுக்கு 1986லும் ஜோப்ளினுக்கு 1995லும் இடம் கிடைத்தது. தார்ன்டனுக்கு 2024ல்.

சென்ற வாரம் பெரியப்பாவிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார். கித்தார் பகுதி வந்ததும் கால் தாளம் போடத் தொடங்கியது. "இது எந்த வருஷம்மா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இன்னொரு தடவை போடு" என்றார்.

நிகழ்ச்சிப் பட்டியலைத் திருத்திக் கொடுத்துவிட்டோம். எங்கள் பாடகி பழைய சொற்களையே பாடப்போகிறாள். உறுமல் இன்னும் சரியாக வரவில்லை, தொண்டைதான் கட்டுகிறது. கடைசியில் குரைப்பதற்குக் குழுவில் யாரும் முன்வரவில்லை. பெரியப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.