உறைக்குள் இன்னோர் உறை

வயர்ஷார்க் என்றதும் வண்ண வரிகள் ஓடும் திரைதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஜெரால்டு கோம்ப்ஸ் 1998-இல் ஈதீரியல் என்று வெளியிட்டு, 2006-இல் பெயர் மாறிய மென்பொருள் அது. கூடவே டிஷார்க் என்று ஒன்றும் வரும். வண்ணமும் இல்லை, மவுஸும் வேண்டாம். நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளிலிருந்து எந்தெந்தப் புலம் வேண்டும் என்று கட்டளையில் எழுதினால், பாக்கெட்டுக்கு ஒரு வரியாக அவற்றை மட்டும் அச்சிடும்.

பார்க்க எக்செல் அட்டவணை மாதிரி இருக்கும். வம்பே அதில்தான்.

பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டிக்கொண்டே, டிஷார்க்கிடம் அனுப்புநர் முகவரியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வரியில் 192.168.1.1,192.168.1.10 என்று இரண்டு முகவரிகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு பாக்கெட்டை இரண்டு பேர் அனுப்ப முடியுமா? கருவியில் கோளாறு என்றே முதலில் தோன்றும்.

ஆள் இல்லாத வீட்டுக்குப் போன கடிதத்தைத் தபால்காரர் திருப்பிக் கொண்டுவருவார் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான் இங்கும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். வழியில் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். டிரேஸ்ரூட் வேண்டுமென்றே 1 என்று போட்டு அனுப்புகிறது. முதல் ரூட்டரிலேயே அது தீர்ந்துபோகிறது. ரூட்டர் பாக்கெட்டைக் கைவிட்டு, ‘ஆயுள் முடிந்தது’ என்று ஐசிஎம்பி செய்தி அனுப்புகிறது. எந்தக் கடிதம் என்று தெரிய வேண்டுமே? அதனால் பழைய பாக்கெட்டின் தலைப்பகுதியையும் உள்ளே வைத்து அனுப்புகிறது. வெளி உறையின் அனுப்புநர் ரூட்டர்; உள்ளுறையின் அனுப்புநர் நாம். டிடிஎல் புலத்தையும் கேட்டிருந்தால் 64,1 என்பதுபோல வரும். அந்த 1 நாம் போட்டதேதான்.

‘கேட்ட புலத்தின் பெயரில் இந்தப் பாக்கெட்டுக்குள் என்னென்ன இருக்கிறது?’ என்ற கேள்விக்குத்தான் டிஷார்க் பதில் சொல்கிறது. பதில் ஒன்றாக இருக்கலாம், இரண்டாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். முதலாவது மட்டும் போதும், கடைசி மட்டும் போதும் என்று சொல்ல வசதி உண்டு. ஆனால் முதலாவதை மட்டும் கேட்டால் உள்ளுறை கண்ணிலிருந்து மறைந்துவிடும். பத்திகளைக் காற்புள்ளியால் பிரிக்கச் சொன்னால் இன்னும் மோசம்: இரண்டாவது முகவரி பக்கத்துப் பத்திக்குள் புகுந்துவிடும். மேற்கோள் குறி போடச் சொல்வதோ, இயல்பான டேப் பிரிப்பையே விட்டுவைப்பதோ நல்லது.

வெற்றிடத்தையும் பூஜ்யத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிசிபி என்ற நெறிமுறையில் தரவின் நீளம் 0 என்றால், அது சரக்கு இல்லாத டிசிபி பாக்கெட். பெரும்பாலும் ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை. அதே இடம் காலியாக இருந்தால் அது டிசிபியே இல்லை. காலியிடங்களில் பூஜ்யம் நிரப்பிச் சராசரி எடுப்பவர்களை என்ன சொல்ல!

ஒப்புகையில் சரக்கு இல்லாவிட்டாலும் மொத்த நீளம் பெரும்பாலும் 66 பைட் காட்டும். ஈதர்நெட்டுக்கு 14, ஐபிக்கு 20, டிசிபிக்கு 20, நேரமுத்திரைக்கு 12. உறையின் எடை மட்டுமே அவ்வளவு. வழக்கமான உச்சவரம்பு 1514. ஆனால் நம் கணினியிலிருந்து போகும் பாக்கெட்டுக்கு 2962 என்றுகூட வரும். பெரிய மூட்டையைத் துண்டாக்கும் வேலையை நெட்வொர்க் கார்டிடம் விட்டிருப்பார்கள். டிஷார்க் பார்ப்பதோ கார்டுக்குப் போகும் முன். கம்பியில் அது 1514 பைட்டாக இரண்டு துண்டுகளாகத்தான் போகிறது.