அரிசி டின்னுக்குள் ஒரு காதல் கதை

என் நான்காவது காதல் நாவல் நேற்றுத்தான் முடிந்தது, சகோதரிகளே! "கல்யாண வயசில் பெண்ணை வைத்துக்கொண்டு காதல் கதையா?" என்கிறாள் நாத்தனார். சொல்லட்டுமே!

வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஆரம்பத்தில் சரளமாக எழுதவே வராதாம். அவர் சொல்லச் சொல்ல, 'இந்திரமோகனா' நாடகத்தை எழுதிக் கொடுத்தவர் தோழி பட்டம்மாள். அப்படித் தொடங்கியவர்தான் 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். மற்றப் பெண்களையும் அதில் எழுத வைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் கூடிப் படித்துக் காட்டுகிறோம். ஒருத்தி மாமியாருக்குப் பயந்து நோட்டை அரிசி டின்னில் ஒளித்து வைத்திருந்தாள் பாவம்! இப்போது அது என் அலமாரியில் பத்திரம். அக்கம்பக்கத்தில் எழுதும் ஆசையுள்ளவர்கள் யாரானாலும் வாருங்கள். கைக்குழந்தை இருந்தால் என்ன? தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி இருக்கிறது.