பெருமூச்சுக்குப் பின்னால்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெண்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை: "ஒரே யோசினையாக் கிடக்கு", "உடம்பெல்லாம் உளையுது", "விடிய விடிய நித்திரையில்லை". குளிசை போட்டும் நோ மாறுவதில்லை. மனம் சரியில்லை என்று சொல்லக் கூச்சப்படுவதால், மனதுக்காக உடம்பு பேசுகின்றது. சோர்வும் எதிலும் விருப்பமின்மையும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். அது சோம்பலுமல்ல, செய்வினையுமல்ல.

இந்நோய்க்கும் காணிக்கும் தொடர்புண்டு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டாலும் இன்னும் திரும்ப முடியாதோர் உளர். செம்மண் தோட்டத்துப் பெண்ணுக்கு விடியலில் முற்றம் கூட்டுவதும், வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுவதும், மாடு கறப்பதும் வாழ்க்கையின் ஒழுங்காக இருந்தன. காணியோடு அந்த ஒழுங்கும் போயிற்று. செய்ய ஒன்றுமில்லையென்று படுத்தால் சோர்வு கூடும்; சோர்வு கூடினால் மேலும் படுக்கத் தோன்றும்.

இந்த வட்டத்தை அயலவரே உடைக்கலாம் என்பதற்குக் கோவா மாநிலம் சான்று. அங்கு 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வுற்ற 495 பேரிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. அவர்களுள் பெரும்பாலானோர் பெண்கள். உளநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூரவர்கள் பயிற்சி பெற்று, ஆறு முதல் எட்டுத் தடவைகள் நோயாளரைச் சந்தித்து, விட்டுப்போன வேலைகளைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்க உதவினர். மூன்று மாதங்களில் அவர்களுள் 64 வீதமானோர் நோய்க்குறி நீங்கப் பெற்றனர். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இது 39 வீதமே. 2016இல் இம்முடிவுகள் வெளிவந்தன.

நாமும் செய்யக்கூடியவை:

1. தினமும் ஒரே நேரத்தில் எழும்புதல். அயல்வீட்டுப் பெண்ணோடு சிறிது தூரம் நடத்தல்.

2. முன்பு விரும்பிய ஒரு வேலையைத் தொடங்குதல். பழைய வாளியில் இரண்டு மிளகாய்க் கன்று போதும்.

3. வெறும் தேநீரோடு நேரத்தைக் கடத்தாமல் வேளைக்கு உண்ணல். முருங்கையிலை, கீரை சேர்த்தல்.

4. நம்பிக்கையான ஒருவரிடம் கிழமைக்கொரு தடவை மனம்விட்டுப் பேசுதல். கேட்பவர் புத்தி சொல்ல அவசரப்படலாகாது.

5. ஆண்கள் தண்ணீர் அள்ளுதல், பிள்ளை பார்த்தல் போன்ற சுமைகளைப் பங்கிடல், குடியைத் தவிர்த்தல்.

"சாகலாம் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அதைப் பகிடியாக எடுக்க வேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல சிகிச்சை உண்டு. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

மிளகாய்க் கன்று இழந்த காணிக்கு ஈடாகாது. காணி கேட்கும் குரலை அடக்கும் மருந்தாக இதனை எவரும் கொள்ளலாகாது. அந்தக் குரலை எழுப்பத் தெம்பு வேண்டும். திரும்பிச் செல்லும் நாளில் மண்ணைக் கொத்தவும் தெம்பு வேண்டும். இன்று உங்கள் அயலில் படுத்தே கிடக்கும் ஒரு பெண்ணின் படலையைத் தட்டுங்கள்.