மழைநீரும் மலைச்சாலையும்: திருமலைப் பாதைகள் புகட்டும் பாடம்

சமவெளியில் சாலை அமைப்போர் நிலத்தின் மீது சாலையை இடுகின்றனர். மலையில் சாலை அமைப்போரோ மலையையே வெட்டி அவ்வெட்டினுள் சாலையைப் பொருத்த வேண்டியவராகின்றனர். மலைச்சாலைகளுக்கு நேரும் இடர்களுள் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டினின்றே தோன்றுகின்றன. திருப்பதியிலிருந்து திருமலைக்குச் செல்லும் இரு சாலைகளின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்தும்.

சேஷாசல மலைத்தொடரில் அமைந்த திருமலை, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரமுடையது. அடிவாரத்துத் திருப்பதி நகரின் உயரம் சுமார் 160 மீட்டர். நெடுங்காலம் யாத்திரிகர்கள் படிவழியே நடந்தும், இயலாதோர் டோலிகளில் அமர்ந்தும் மலையேறி வந்தனர். அந்நாளில் இப்பகுதி சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பொறியியல் மேதை விசுவேசுவரய்யா அவர்களின் திட்ட யோசனையைத் துணையாகக் கொண்டு அமைக்கப்பெற்ற முதற் சாலையை, 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் திறந்து வைத்தார். போக்குவரத்துப் பெருகவே, 1974இல் இரண்டாம் சாலை அமைந்தது. இன்று பழைய சாலை இறங்குவதற்கும், புதிய சாலை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கி 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் இவை அடங்கும்.

சரிவும் வளைவும்

பழைய சாலையின் நீளம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர். அதில் 36 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. சுமார் 690 மீட்டர் உயரத்தை இந்நீளத்தில் பகிர்ந்தால், சராசரியாக 27 மீட்டர் தூரத்திற்கு ஒரு மீட்டர் ஏற்றம் கிடைக்கின்றது. சுமையேற்றிய வண்டி தாளக்கூடிய சரிவு இது. சரிவைக் குறைக்கும் பொருட்டே சாலை வளைந்து வளைந்து நீட்டப்படுகின்றது. ஆயின், நீளம் கூடுந்தோறும் மலையில் வெட்டுகளும் கூடுகின்றன. ஒவ்வொரு வெட்டும் இயற்கையான சரிவினும் செங்குத்தான பாறை முகத்தை உண்டாக்குகின்றது. மேலிருந்து வழியும் நீரை இடைமறிக்கவும் செய்கின்றது.

பாறையின் இயல்பு

இம்மலையின் அடிப்பகுதி கிரானைட்டுக் கருங்கல்லாலானது. அதன் வயது 210 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டதென மதிப்பிடப்படுகின்றது. அதன்மேல் சுமார் 160 கோடி ஆண்டு வயதுடைய நகரி குவார்ட்சைட்டுப் பாறை படிந்துள்ளது. இவ்விரண்டும் சந்திக்கும் எல்லை மலைச்சாலை வெட்டில் கண்கூடாகப் புலப்படுகின்றது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதனைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது.

குவார்ட்சைட்டு மிகவும் கடினமான கல். எனினும் அது ஒரே பாளமாக இராமல், படுகை வாட்டத்திலும் அதற்குக் குறுக்காகவும் ஓடும் வெடிப்புகளால் பெரும் கட்டிகளாகப் பிரிந்து நிற்பதாகும். அவ்வெடிப்புகளில் நீர் புகுந்து நிறையுங்கால், 10 மீட்டர் ஆழமுள்ள நீர் அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் அழுத்தத்தைச் செலுத்துகின்றது. இடையிலுள்ள களிமண் நெகிழ, மரவேர்கள் வெடிப்பை அகலப்படுத்த, கட்டி தன் பிடிப்பை இழக்கின்றது. கல் கடினமானதாயினும் மலை உறுதியானதென்று கொள்ளலாகாது.

2021ஆம் ஆண்டின் அனுபவம்

2021 நவம்பரில் வங்கக் கடல் தாழ்வு மண்டலத்தால் திருப்பதி வட்டாரத்தில் பெருமழை பெய்தது. மலைச்சாலைகளிலும் நடைபாதைப் படிகளிலும் நீர் அருவியெனப் பாய்ந்தது, போக்குவரத்து நிறுத்தப்பட்டது. டிசம்பர் 1ஆம் நாள் இரண்டாம் சாலையில் பெரும் பாறைகள் சரிந்து விழுந்து சாலையைச் சேதப்படுத்தின. நல்வாய்ப்பாக உயிர்ச்சேதம் நேரவில்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டு இடத்தைப் பார்வையிட்டனர். பழுது நீங்கும்வரை பழைய சாலையே இருவழிப் பாரத்தையும் ஏற்க நேர்ந்தது. மழையின் உச்சம் கழிந்து பல நாட்களுக்குப் பின்னர் பாறைகள் வீழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. வானம் வெளுத்த பின்னரும் மலைக்குள் புகுந்த நீர் மெல்லவே வெளியேறும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

மலைச்சாலைப் பராமரிப்பில் முதலிடம் பெற வேண்டியது தார்ப்பரப்பன்று, வடிகாலேயாகும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், வெட்டின் மேற்புறமுள்ள நீர்தாங்கு வாய்க்கால்களையும், சாலையோர வடிகால்களையும், சிறுபாலங்களின் வாய்களையும் தூர்வார வேண்டும். தாங்குசுவர்களின் கசிவுத் துளைகள் அடைபட்டிருப்பின் திறத்தல் வேண்டும். மேற்சரிவில் புதிய பிளவு, சாய்ந்த மரம், புதிதாகத் தோன்றிய கலங்கல் ஊற்று, சிறு கற்களின் தொடர்ந்த உதிர்வு ஆகியவை முன்னறிகுறிகளாம். இவற்றைக் கண்டவுடன் நாளும் இடமும் குறித்து மேலதிகாரிக்குத் தெரிவித்தல் கடமையாகும். தளர்ந்த கட்டிகளை அகற்றுதல், எஃகு ஆணிகளால் பாறையைப் பிணைத்தல், கம்பிவலை போர்த்துதல் ஆகிய முறைகள் உண்டு. எனினும் நீருக்கு வழிவிடாத இடத்தில் இவை நெடுநாள் பயன்தரா.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனை எளிய சோதனையால் விளக்கலாம். ஒரே அளவுள்ள இரு பெட்டிகளின் நடுவே தகரத் தகடுகளைத் தளர்வாக நிறுத்தி, அவற்றின் பின்புறம் ஈரமணலை நிரப்புக. ஒரு தகட்டின் அடியில் துளைகளிட்டு, பின்னால் கூழாங்கற்களை இடுக. இரண்டிலும் மணல்மீது சம அளவு நீரைச் சிறுகச் சிறுக ஊற்றினால், துளையில்லாத தகடே முதலில் சாயக் காணலாம். நீரின் எடையும் அழுத்தமும் தகட்டைத் தள்ளுவதை மாணவர்கள் நேரில் காண்பர். அடுத்த முறை மலைச்சாலையில் செல்லுங்கால், சுவரிலுள்ள சிறு துளைகளின் பயன் அவர்களுக்கு விளங்கும். அவற்றில் கல்லையோ குப்பையையோ அடைத்தல் தகாது என்பதும் தெளிவாகும்.